வரிசையில் அடுத்த இடம்

"ஐயா, இதுக்கு மேல ஒரு எழுத்துகூட ஏறாது. கல்லு அழுதுடும்" என்றார் கல்லுக்காரர்.

"ஏன் ஏறாது? ஓரத்துல எவ்வளவு இடம் சும்மா கிடக்குது பாரு."

"அது பூ கொத்தறதுக்கு விட்ட ஓரம்ங்க."

"பூ எதுக்கு? பூவைப் பாத்தா நான் யாருன்னு தெரியுமா?"

கல்லுக்காரர் உளியைக் கீழே வைத்தார். பட்டறையின் நடுவில், கட்டைகளின் மேல், ஆள் நீளத்துக்கு ஒரு கறுப்புக் கல் படுத்திருந்தது. அதில் சீஃப் ஐயாவின் பெயர் இருந்தது. பெயருக்கு முன்னால் பட்டங்கள், பின்னால் பட்டங்கள். பிறந்த வருடம். அதை அடுத்து ஒரு சின்னக் கோடு. கோட்டுக்கு அப்புறம் காலி. அந்தக் காலியை மட்டும்தான் சீஃப் ஐயா விட்டுவைத்திருந்தார். மற்ற இடமெல்லாம் கொஞ்சம் கொஞ்சமாக நிரம்பிக்கொண்டே வந்தது. நீர்வழங்கல் துறையின் முன்னாள் தலைமைப் பொறியாளர். மேட்டுத் தொட்டியைக் கட்டியவர். சபையின் மூத்த உறுப்பினர். பாடகர் குழுவின் புரவலர். கல்லறைத் தோட்டத்துக்குக் கார் பாதை அமைத்துத் தந்தவர்.

இன்றைக்குப் புதிதாக ஒன்று ஞாபகம் வந்திருந்தது.

"கோயில் மணிக்கூண்டுக்கு இடிதாங்கி வெச்சது யாரு? நான்தானே. அதை விட்டுட்டோமே!"

"இடி ஒண்ணும் விழலைங்களே ஐயா."

"இடிதாங்கி இருக்கறதாலதான்யா விழலை!"

கல்லுக்காரர் உளியை மறுபடியும் கையில் எடுத்தார். "சரிங்க. சின்ன எழுத்தாப் போட்டு நுழைக்கிறேன். ஆனா இப்படியே போனா இந்தக் கல்லு எப்பங்க இடத்துக்குப் போறது?"

"உனக்கென்ன அவசரம்?"

"எனக்கு இல்லீங்க. உங்களுக்கும் வேண்டாம்னுதான் நினைக்கிறேன்" என்றார் கல்லுக்காரர் பணிவாக.

கல்லின் ஒரு மூலை ஆடாமல் இருப்பதற்காக அடியில் ஒரு பலகையைச் செருகியிருந்தார்கள். முனை கூராகச் சீவிய பழைய பலகை. ‘ஒதுக்கப்பட்டது’ என்று வெள்ளைப் பெயிண்டில் எழுதியிருந்தது. அதற்கு ஒரு கதை உண்டு.

அந்தச் சபையின் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் எல்லாம் வரிசைப்படிதான். யார் முன்னால் போகிறாரோ அவருக்கு அடுத்த குழி. முதலாளி போனாலும் வரிசை, வாட்ச்மேன் போனாலும் வரிசை. சீஃப் ஐயாவின் மனைவி போனபோது வரிசையின் முதல் இடம் கிடைத்தது. அவளுக்குப் பக்கத்து இடத்தைத் தமக்கென்று விட்டுவைக்க வேண்டும் என்று கமிட்டியில் கேட்டார் சீஃப் ஐயா. கமிட்டிக்காரர்களின் வீட்டுக் குழாயில் தண்ணீர் வருவதே அவர் தயவில்தான். மறு பேச்சில்லாமல் தலையாட்டினார்கள். குழிக்காரரும் இந்தப் பலகையை முளையாக அடித்துவைத்தார்.

இரண்டு வருஷம் பலகை நின்றது. சின்னச் சபை; அதற்குள் வேறு சாவு விழவில்லை. ஒரு நாள் மனைவியின் தங்கை, பூ வைக்க வந்தவள், அதைப் பார்த்துவிட்டாள். ஆஸ்பத்திரியில் தலைமை நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள். எதிர் வீட்டில் தனியாக இருக்கிறாள். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கிற பிறவி இல்லை.

"என்ன அத்தான் இது, ரயில் சீட்டா? துண்டு போட்டு வெச்சிருந்தாலும் பாக்க லட்சணமா இருந்திருக்கும்."

அவ்வளவுதான். சீஃப் ஐயா அன்றைக்கே பலகையைப் பிடுங்கிக் கொண்டுபோய்க் கல்லுக்காரரிடம் கொடுத்தார். "அடுத்த வாரம் கல்லே வந்துடும். அப்புறம் பலகை எதுக்கு?" என்றார். அந்த அடுத்த வாரம் வரவே இல்லை. ஒவ்வொரு வாரமும் அவருக்குத் தம்மைப் பற்றி ஏதாவது ஒரு நல்ல விஷயம் ஞாபகம் வந்துகொண்டிருந்தது.

*

இடிதாங்கியைச் சொல்லிவிட்டு, கண் ஆபரேஷனுக்காக வெளியூரில் இருக்கும் மகன் வீட்டுக்குப் போனார். திரும்பி வந்த முதல் ஞாயிற்றுக்கிழமை, ஆராதனை முடிந்ததும் பூவை எடுத்துக்கொண்டு நேரே மனைவியிடம் போனார். புதுக் கண்ணில் எல்லாம் துல்லியமாகத் தெரிந்தது. தெரியாமல் இருந்திருக்கலாம்.

மனைவியின் பளிங்குக் கல்லுக்குப் பக்கத்தில் புது மண்மேடு ஒன்று இருந்தது. மேலே வாடிய பூக்கள், தலைமாட்டில் ஒரு மரச் சிலுவை.

"யோவ்! இங்க வாய்யா!"

குழிக்காரர் மண்வெட்டியோடு ஓடி வந்தார்.

"இது யாரு?"

"இஸ்திரிக்காரம்மாங்கய்யா."

"எந்த இஸ்திரிக்காரம்மா?"

"உங்க தெருமுனையில, மாடிப்படிக்கு அடியில கடை வெச்சிருந்தாங்களே. நீங்க போட்டிருக்கற சட்டைகூட…"

சீஃப் ஐயா தம் சட்டையைக் குனிந்து பார்த்தார். கையில் போட்ட மடிப்பு கத்தி மாதிரி நின்றது.

"அவ இங்க எப்படி வந்தா?"

"பெட்டியிலதாங்க வந்தாங்க."

"கிண்டலா பண்றே? இது என் இடம்னு ஊருக்கே தெரியும்!"

"ஊருக்குத் தெரியும்ங்க. எனக்கு முளைதாங்க கணக்கு. முளை இருந்தா மண்வெட்டியை வைக்க மாட்டேன். இல்லைனா வரிசையில அடுத்தது."

"முளை இல்லைன்னா கேக்க வேண்டாமா? எவனோ பிடுங்கிட்டுப் போயிருக்கான்னு தோணலையா?"

குழிக்காரர் தலையைச் சொறிந்தார். "பிடுங்கினது நீங்கதானேய்யா. நான் அந்த மூலையில புல்லு வெட்டிக்கிட்டுப் பாத்தேனே. தோள்ல தூக்கிட்டுப் போனீங்க. ஐயாவுக்கு மனசு மாறிடுச்சு, வேற நல்ல இடம் பாத்துட்டாருன்னு நினைச்சேன்."

சீஃப் ஐயா மனைவியின் கல்லுக்கு மறுபுறம் எட்டிப் பார்த்தார். "அந்தப் பக்கம்?" என்று கேட்டார். "இவளுக்கு இடது பக்கம்?"

"அந்தப் பக்கம் நீங்க போட்ட கார் பாதைங்க."

*

பாதிரியார் புதியவர், சின்ன வயசு. அங்கியைக் கழற்றி ஆணியில் மாட்டிக்கொண்டிருந்தவர், சீஃப் ஐயா உள்ளே வந்த வேகத்தைப் பார்த்து அதை மறுபடியும் எடுத்து மாட்டிக்கொண்டார். அங்கி இருந்தால் கொஞ்சம் தைரியம். பின்னாலேயே நர்ஸம்மாவும் வந்தாள்.

"பாஸ்டர், எப்ப எடுக்கறீங்க?"

"எதை ஐயா?"

"என் இடத்துல படுத்திருக்கறவளை!"

பாதிரியார் உட்கார்ந்தார். நர்ஸம்மா அவருக்குத் தண்ணீர் ஊற்றிக் கொடுத்தாள்.

"நீ அடக்கத்துக்குப் போனியா?" என்று சீஃப் ஐயா அவள் பக்கம் திரும்பினார்.

"போனேனே. முன்னாலேயே நின்னேன்."

"பாத்துக்கிட்டா இருந்தே?"

"குழி வெட்டியாச்சு, பெட்டி பக்கத்துல இருக்கு, பொண்ணு அழுதுக்கிட்டிருக்கு. ‘மன்னிக்கணும், இந்தக் குழிக்கு ஆள் வருவாரு, இப்ப கண் ஆபரேஷனுக்குப் போயிருக்காரு’ன்னா சொல்லச் சொல்றீங்க?"

"எனக்கு ஒரு போன் பண்ணியிருக்கலாம்ல?"

"கண்ணுல தண்ணி படக்கூடாதுன்னு டாக்டர் சொல்லியிருந்தாரு, அத்தான். நான் நர்ஸு."

சீஃப் ஐயா பாதிரியாரிடமே திரும்பினார். "பாஸ்டர், கமிட்டி எனக்கு ஒதுக்கின இடம். நியாயமா என்னுது. அவ நல்லவதான், நான் ஒண்ணும் சொல்லலை. ஆனா ஒரு இஸ்திரிக்காரிக்கும் எனக்கும் ஒரு வித்தியாசம் வேண்டாமா?"

பாதிரியார் தண்ணீரைக் குடித்து முடித்துவிட்டுச் சொன்னார்: "அடக்க ஜெபத்துல உங்க வீட்டம்மாவுக்கு என்ன வாசிச்சாங்களோ, அவங்களுக்கும் அதையேதான் ஐயா வாசிச்சேன். ஒரு வரி கூட்டலை, ஒரு வரி குறைக்கலை."

"வேற புஸ்தகம் கிடையாதா?"

"ஒரே புஸ்தகம்தான் ஐயா அச்சடிச்சிருக்காங்க. பேரு வர்ற இடத்துல மட்டும் புள்ளி வெச்சு விட்டிருக்காங்க."

நர்ஸம்மா புடவைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டாள். பாதிரியாருக்குத் தாம் வேடிக்கையாக ஏதோ சொல்லிவிட்டது அப்போதுதான் உறைத்தது. பயந்துபோய்த் தொடர்ந்தார்: "இல்ல ஐயா, நான் என்ன சொல்றேன்னா… ஆண்டவர் மனுஷனைத் தம்முடைய சாயலா உண்டாக்கினாரு. அந்தச் சாயலை ஆளைப் பாத்துக் கூடக் குறைய ஊத்தலை. உங்க தொட்டித் தண்ணி எல்லா வீட்டுக்கும் ஒரே தண்ணிதானே?"

"மேட்டுத் தெருவுக்குக் கொஞ்சம் அழுத்தம் கம்மி" என்றார் சீஃப் ஐயா. தொழில் விஷயத்தில் அவர் பொய் சொல்வதில்லை.

பிறகு ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். உட்கார்ந்ததும் ஆள் பாதியாகிவிட்டார்.

"பாஸ்டர், நீங்க புதுசு. உங்களுக்குத் தெரியாது. அவளுக்குத் தனியா இருக்கறதுன்னா பயம். நான் வேலைத்தளத்துல இருந்து வர நேரமாச்சுன்னா வீட்டுல இருக்கற விளக்கையெல்லாம் போட்டு வெச்சிருப்பா. தூரத்துல வரும்போதே கல்யாண வீடு மாதிரி தெரியும். கடைசியில ஆஸ்பத்திரியில என் கையைப் பிடிச்சுக்கிட்டு ஒண்ணே ஒண்ணுதான் கேட்டா. ‘அங்க என்னைத் தனியா விட்டுடாதீங்க’ன்னா. பக்கத்துலயே வந்துடறேன்னு வாக்குக் கொடுத்தேன். இப்ப நான் எங்க போய்ப் படுக்கறது?"

நர்ஸம்மா வாயை மூடியிருந்த தலைப்பைக் கீழே விட்டாள். அந்த ஆஸ்பத்திரிக் கட்டிலின் மறுபக்கம் நின்றிருந்தவள் அவள்தான்.

பாதிரியார் மெல்லச் சொன்னார்: "கமிட்டி ஒதுக்கினது உண்மைதான் ஐயா. வேண்டாம்னு நான் சொல்ல முடியாது. ஆனா அந்தம்மாவோட பொண்ணு சம்மதிக்கணும். அவங்க சரின்னு சொல்லிட்டா, புதன்கிழமை காலையில ஜெபம் பண்ணி அடுத்த இடத்துக்கு மாத்திடலாம்."

"நான் கேக்கறேன்" என்று எழுந்தார் சீஃப் ஐயா.

"நானும் வர்றேன்" என்றாள் நர்ஸம்மா.

"நீ எதுக்கு?"

"நீங்க கேக்கற அழகைப் பாக்கத்தான்."

*

மாடிப்படிக்கு அடியில் இருந்த இடத்தில் ஒரு மேஜை, அதன் மேல் மடித்து விரித்த கம்பளி, சுவர் ஓரமாக மூட்டை மூட்டையாகத் துணி. தலை நிமிர்ந்தால் படி இடிக்கும். இஸ்திரிக்காரம்மாவின் மகளுக்கு அது பழகிப்போயிருந்தது. நிமிராமலே நிமிர்ந்து பார்க்கத் தெரிந்திருந்தது.

"வாங்கய்யா. வாங்க சிஸ்டர். ஐயா சட்டைதான் கையில இருக்கு. காலர் மட்டும் பாக்கி."

சீஃப் ஐயா மேஜையைப் பார்த்தார். அவருடைய வெள்ளைச் சட்டைதான், கையை விரித்துக்கொண்டு மல்லாக்கப் படுத்திருந்தது.

"அம்மா விஷயம் கேள்விப்பட்டேன். ரொம்ப வருத்தம்."

"கண்ணு எப்படி இருக்குங்கய்யா? அம்மா கேட்டுக்கிட்டே இருந்தாங்க. ‘ஐயாவுக்குக் கண்ணு சரியாயிடுச்சுன்னா மடிப்பு கோணலா இருந்தாத் தெரிஞ்சிடும், ஒழுங்காப் போடு’ன்னு."

சீஃப் ஐயா தொண்டையைச் செருமினார். கோயிலிலிருந்து வழியெல்லாம் தயார் செய்துகொண்டு வந்த பேச்சு ஒன்று இருந்தது. கமிட்டி, தீர்மானம், முறைப்படியான ஒதுக்கீடு என்று அழகாக ஆரம்பித்தார். அந்தப் பெண் இஸ்திரிப் பெட்டியைத் தூக்கி நிறுத்திவிட்டு, புரியாமல் நர்ஸம்மாவைப் பார்த்தாள்.

"உங்கம்மா படுத்திருக்கற இடம் ஐயாவோட இடமாம். அதைத்தான் சுத்தி வளைக்கிறாரு" என்றாள் நர்ஸம்மா.

"ஐயோ!" பெண் பதறிப்போனாள். "எங்களுக்குத் தெரியாதுங்கய்யா. சத்தியமாத் தெரியாது. குழிக்காரர் காட்டின இடத்துல…"

"உன்மேல தப்பில்லம்மா. அடுத்த இடத்துக்குத்தான். கொஞ்சம் தள்ளி, அவ்வளவுதான். செலவெல்லாம் நான் பாத்துக்கறேன்."

"பரவாயில்லீங்கய்யா. எப்பன்னு மட்டும் சொல்லுங்க, கடையை மூடிட்டு வந்துடறேன். யாராவது கூட நிக்கணும்ல." அவள் பெட்டியை எடுத்துக் காலரை அழுத்தினாள். "அம்மா ஒண்ணும் நினைச்சுக்க மாட்டாங்க. பெரியவங்க வந்தா எந்திரிச்சு இடம் கொடுக்கறது அவங்களுக்குப் பழக்கம்தான்."

சீஃப் ஐயா நிம்மதியாகத் தலையாட்டினார்.

அவள் வேலையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள், குறையாக இல்லை, அம்மாவைப் பற்றிப் பேசக் கிடைத்த சந்தோஷத்தில்: "கோயில்லகூட அப்படித்தாங்கய்யா. கடைசி பெஞ்சுல ஓரமா, பாதிதான் உக்காருவாங்க. யாராவது வந்தா சட்டுன்னு எந்திரிக்கணுமாம். பஸ்லயும் அப்படித்தான். நல்லா சாஞ்சு உக்காரும்மான்னு சண்டை போடுவேன். கேக்க மாட்டாங்க. பகலெல்லாம் நின்னுக்கிட்டே வேலை. ராத்திரியும் மூட்டைக்கு நடுவுல காலை மடக்கித்தான் படுப்பாங்க. பெட்டியில வெச்சப்பதான் பாத்தேன், காலை முழுசா நீட்டிப் படுத்திருந்தாங்க. அம்மா இவ்வளவு உயரமான்னு இருந்துச்சு. போகட்டும், இனிமே யாரும் எழுப்ப மாட்டாங்கன்னு…"

சொல்லிக்கொண்டே வந்தவள், எதிரில் நிற்பது யார் என்பது அப்போதுதான் ஞாபகம் வந்து, நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

"இல்லீங்கய்யா, நான் உங்களைச் சொல்லலை. எப்பன்னு சொல்லுங்க."

சீஃப் ஐயா மேலே படியைப் பார்த்தார். கீழே மூட்டைகளைப் பார்த்தார். "சொல்லி அனுப்பறேன்" என்று முனகிவிட்டுத் திரும்பி நடந்தார். படியில் தலை இடித்தது.

"ஐயா, சட்டை!" என்று அவள் பின்னாலேயே ஓடிவந்து கொடுத்தாள்.

*

தெருவில் நர்ஸம்மா கொஞ்ச தூரம் பேசாமல் வந்தாள். கொஞ்ச தூரம்தான்.

"அதிர்ஷ்டக்காரி, அத்தான்."

"யாரு?"

"இஸ்திரிக்காரம்மாதான். நமக்கெல்லாம் ஒரே ஒரு உயிர்த்தெழுதல். அவளுக்கு மட்டும் ரெண்டு. புதன்கிழமை உங்களுக்காக ஒண்ணு, கடைசி நாள்ல ஆண்டவருக்காக ஒண்ணு."

"வாயை மூடு."

"மூடிட்டேன். ஆனா எனக்கு ஒரு சந்தேகம். அன்னைக்கு எக்காளம் ஊதினதும் எல்லாரும் எந்திரிப்போம்ல. அவ எந்திரிச்சு உங்களைப் பாத்ததும், ‘வாங்கய்யா, உக்காருங்க’ன்னு மறுபடியும் நகருவாளா? ஆண்டவர் என்ன நினைப்பாரு? ‘இந்தாளுக்காக இந்தப் பொம்பளை இன்னும் எத்தனை தடவை எந்திரிக்கறது’ன்னு கேக்க மாட்டாரு?"

"நீ உங்க அக்காவுக்குத் தங்கச்சியா, இஸ்திரிக்காரிக்குத் தங்கச்சியா?"

"கோயில்ல நீங்கதானே ‘சகோதர சகோதரிகளே’ன்னு அறிவிப்பு வாசிக்கறீங்க. நான் அதை நம்பிட்டேன்."

சீஃப் ஐயாவுக்கு மூக்கு மேல் கோபம் வந்தது. ஆனால் அதற்குள் அவள் குரல் மாறியிருந்தது.

"அக்காவுக்குப் பயமா இருக்குமேன்னுதானே உங்க கவலை? நீங்க மேட்டுத் தொட்டி கட்டின வருஷமெல்லாம் வீட்டுல அவகூட யாரு இருந்தான்னு நினைச்சீங்க? இஸ்திரிக்காரம்மாதான். துணி எடுக்க வர்றேன்னு மத்தியானம் வருவா. பின்வாசல் படியில ரெண்டு பேரும் உக்காந்தா, சாயங்கால விளக்கு வைக்கற வரைக்கும் பேச்சுதான். துணியை மறந்துட்டுப் போயிடுவா. அதுக்கு மறுபடியும் வருவா. அக்கா உங்ககிட்ட பேசினதைவிட அவகிட்ட பேசினதுதான் ஜாஸ்தி."

"என்ன அப்படிப் பேசுவாங்க?"

"உங்களைப் பத்தித்தான்."

சீஃப் ஐயா நடுத்தெருவில் நின்றுவிட்டார். "என்னைப் பத்தி என்ன?"

"அதெல்லாம் கல்லுல எழுதற விஷயம் இல்ல, அத்தான்" என்று சொல்லிவிட்டு அவள் தன் வீட்டுக்குள் போய்விட்டாள்.

*

அன்று சாயங்காலம் சீஃப் ஐயா புதிதாக இஸ்திரி போட்ட சட்டையை மாட்டிக்கொண்டு, அளவு டேப்பையும் எடுத்துக்கொண்டு தோட்டத்துக்குப் போனார். மனைவியின் கல்லிலிருந்து மண்மேட்டுக்கு, மண்மேட்டிலிருந்து அடுத்த காலி இடத்துக்கு என்று அளந்தார். கார் பாதையையும் அளந்து பார்த்தார். அதை உடைத்தால் ஒரு ஆள் படுக்கலாம். ஆனால் அது அவரே முன்னால் நின்று போட வைத்த காங்கிரீட். உடையாது.

குழிக்காரர் தூரத்தில் நின்று பார்த்தார். தப்பித்தோம் பிழைத்தோம் என்று நழுவத்தான் நினைத்தார். அதற்குள் சீஃப் ஐயா கூப்பிட்டுவிட்டார்.

"யோவ், வரிசையில அடுத்தது இதுதானே?"

"இதேதாங்க."

"இங்க படுத்தா அவ தெரிவாளா?"

"யாருங்க?"

"என் வீட்டுக்காரிய்யா!"

குழிக்காரர் யோசித்தார். தொழிலில் இதுவரை யாரும் கேட்காத கேள்வி. "படுத்துப் பாத்தாத்தாங்க தெரியும்."

சீஃப் ஐயா சுற்றுமுற்றும் பார்த்தார். யாரும் இல்லை. டேப்பைக் கீழே வைத்தார். மெதுவாக முழங்காலிட்டு, கையூன்றி, புல்லின் மேல் மல்லாந்து படுத்துக் காலை நீட்டினார். கைகளை மார்பின் மேல் வைத்துக்கொண்டு தலையை மட்டும் திருப்பினார்.

"மேடு மறைக்குதே."

"புது மேடுங்கய்யா. ஒரு மழை போச்சுன்னா இறங்கிடும். எல்லா மேடும் அப்படித்தான். உங்க வீட்டம்மாவுக்கு இதைவிட உசரமா இருந்துச்சு. இறங்கினப்புறம்தானே பளிங்கு வெச்சோம். அப்புறம் பாத்தா இந்த மூலைக்கும் அந்த மூலைக்கும் எல்லாம் ஒரே தரைதான்."

சீஃப் ஐயா எழுந்திருக்கவில்லை. அங்கிருந்து பார்த்தால் வானம் அகலமாக இருந்தது. பக்கத்தில் அந்த அம்மா காலை நீட்டிப் படுத்திருக்கிறாள். அதற்கு அப்பால் இவருடைய மனைவி. நடுவில் இருப்பவளைத் தாண்டித்தான் பேச வேண்டும். அவர் மெல்லக் கூப்பிட்டார்: "இந்தாம்மா. அவகிட்ட சொல்லு, நான் இந்தப் பக்கம்தான் வருவேன்னு. தூரமெல்லாம் இல்லை. வேணும்னா அவளை விளக்கைப் போட்டு வைக்கச் சொல்லு."

"அத்தான்!"

கல்லறைத் தோட்டமே அதிர்கிற மாதிரி ஒரு அலறல். வீட்டில் ஆளைக் காணவில்லையே என்று பாதிரியாரையும் கூட்டிக்கொண்டு தேடி வந்த நர்ஸம்மா, கார் பாதையில் ஓடி வந்துகொண்டிருந்தாள். வந்த வேகத்தில் புல்லில் உட்கார்ந்து அவருடைய நாடியைப் பிடித்தாள். பாதிரியார் சட்டைப்பையில் கையை விட்டு ஜெபப் புத்தகத்தையே எடுத்துவிட்டார்.

"புஸ்தகத்தை உள்ள வைங்க, பாஸ்டர். இன்னும் புள்ளியில என் பேர் எழுதலை" என்றார் சீஃப் ஐயா.

நர்ஸம்மா அவர் கையை உதறினாள். "உயிர் போயிடுச்சு எனக்கு! அவ்வளவு அவசரமா? இஸ்திரிக்காரம்மா நகர்ற வரைக்கும்கூடக் காத்திருக்க முடியலையா?"

"அவ நகர வேண்டாம்."

"என்னது?"

"காதுல விழலையா உனக்கு? அவ அங்கேயே இருக்கட்டும். நீட்டிப் படுத்திருக்கறவளை எழுப்பி, மறுபடியும் பெஞ்சு ஓரத்துல உக்கார வெக்கச் சொல்றியா?" சீஃப் ஐயா கை நீட்டினார். ஒரு பக்கம் குழிக்காரரும் மறு பக்கம் பாதிரியாருமாகத் தூக்கி நிறுத்தினார்கள். "நான் வாக்குக் கொடுத்தது அவளைத் தனியா விட மாட்டேன்னு. தனியா இல்லையே. நடுவுல ஒருத்தி வந்துட்டா, அவ்வளவுதான்."

"அப்ப இந்த இடத்துக்கு முளை அடிச்சிடட்டுங்களா ஐயா?" என்று குழிக்காரர் ஆர்வமாகக் கேட்டார். "ஐயா இடத்துல இன்னொரு தடவை தப்பு வரக்கூடாது."

சீஃப் ஐயா அந்த இடத்தைப் பார்த்தார். புல்லில் அவர் படுத்த தடம் ஆள் அளவுக்குத் தெரிந்தது. கேட்கலாம் போலத்தான் இருந்தது. கமிட்டி இப்போதும் மறு பேச்சுப் பேசாது.

"வேண்டாம்" என்றார். சொல்வதற்குக் கஷ்டமாகத்தான் இருந்தது. "வரிசைப்படியே வர்றேன்."

"அதுக்குள்ள வேற யாராவது முந்திட்டாங்கன்னா?" என்று கேட்டார் பாதிரியார்.

"முந்தட்டும். நடுவுல இன்னும் ரெண்டு பேர் இருந்தா அவளுக்குப் பேச்சுத் துணை ஜாஸ்தி." கொஞ்சம் யோசித்துவிட்டு, கொழுந்தியாளைப் பார்த்துச் சொன்னார்: "நீ மட்டும் முந்திடாதே. நீ நடுவுல படுத்தா எனக்குத் தூக்கம் வராது."

"சட்டையைப் பாருங்க முதல்ல" என்றாள் நர்ஸம்மா, கண்ணைத் துடைத்துக்கொண்டு. முதுகெல்லாம் புல்லும் மண்ணும். "காலையிலதான் அந்தப் பொண்ணு போட்டுக் கொடுத்துச்சு."

*

கல்லுக்காரர் காதில் வாங்கியதை நம்பவில்லை.

"திருப்பிப் போடறதா? இதையா?"

"ஆமாய்யா. பின்பக்கம் வழவழன்னு சும்மாத்தானே இருக்கு. அதுல அந்தம்மா பேரைக் கொத்து. பேரும் ரெண்டு வருஷமும் போதும். மிச்ச ஓரத்துல பூ போடு."

இஸ்திரிக்காரம்மாவின் மகள் பட்டறை வாசலிலேயே நின்றாள். நர்ஸம்மா கையைப் பிடித்து உள்ளே இழுத்துவந்தாள். அந்தப் பெண் கல்லைச் சுற்றி வந்து பார்த்தாள்.

"எங்கம்மா மேல இவ்வளவு பெரிய கல்லாங்கய்யா? கனமா இருக்காதா?"

"இருக்கட்டும்மா. இது மேல இருந்தா இனிமே யாரும் உங்கம்மாவை எந்திரிக்கச் சொல்ல முடியாது."

"ஒருத்தரைத் தவிர" என்றாள் நர்ஸம்மா.

"யாரு?" என்று கேட்டுவிட்டு, உடனே சீஃப் ஐயாவுக்கே விளங்கியது. "ஆமா. ஆண்டவரு கல்லறைக் கல்லையே புரட்டிப் பழக்கப்பட்டவரு. அவர் கூப்பிட்டா நானும்தான் எந்திரிக்கணும்."

"அவர் கூப்பிட்டா எல்லாரும் ஒரே நேரத்துலதான், அத்தான். யாரும் யாருக்கும் இடம் விட வேண்டியதில்லை."

அந்தப் பெண் கல்லின் வழவழப்பான பின்பக்கத்தைத் தடவிப் பார்த்தாள், துணியில் சுருக்கம் இருக்கிறதா என்று பார்க்கிற மாதிரி.

கல்லுக்காரருக்கு மட்டும் மனசு ஆறவில்லை. எத்தனை மாசத்து வேலை! "ஐயா, முன்பக்கத்து எழுத்தெல்லாம் கீழே போயிடுமே. தேய்ச்சு அழிச்சிடட்டுமா?"

சீஃப் ஐயா குனிந்து ஒரு தடவை படித்துப் பார்த்தார். தொட்டி, பாடகர் குழு, பாதை. ஓரத்தில் பொடி எழுத்தில் இடிதாங்கி. எல்லாம் சரியாகத்தான் இருந்தது.

"வேண்டாம், இருக்கட்டும். எல்லாம் உண்மைதானே."

"இருக்கட்டும் இருக்கட்டும்" என்றாள் நர்ஸம்மா. "மல்லாந்து படுத்திருக்கறவளுக்கும் படிக்க ஏதாவது வேணும்ல."

சீஃப் ஐயாவின் முகம் சட்டென்று மாறியது. அந்தப் பெண்ணின் பக்கம் மெல்லச் சாய்ந்து, குரலைத் தாழ்த்திக் கேட்டார்:

"உங்கம்மாவுக்குப் படிக்கத் தெரியுமா?"

"தெரியாதுங்கய்யா."

"நல்லதாப் போச்சு" என்றார் சீஃப் ஐயா. கல்லுக்காரர் ‘ஒதுக்கப்பட்டது’ பலகையை அடியிலிருந்து உருவிப் போட்டுவிட்டு, கல்லைப் புரட்ட ஆள் கூப்பிட்டார்.